பூட்டை மாற்றலாம், பழைய ரசீதை மாற்ற முடியுமா?

இரவு மணி பத்து. பரீட்சை முடிந்து விடுதியிலிருந்து வீடு திரும்பிய கல்லூரி மாணவன் ஒருவன் ஆவலோடு கம்ப்யூட்டரின் முன் உட்காருகிறான். தன் பெயரைப் பதிகிறான். கடவுச் சொல்லைப் பதிகிறான். “தவறு” என்கிறது திரை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பதிகிறான். மறுபடியும் “தவறு”! கடவுச் சொல் மறந்துவிட்டது என்று தெரிவிக்கிறான். “இரகசிய எண் அனுப்பியிருக்கிறோம்” என்று பதில் வருகிறது. யாருக்கு? அவனுக்கு அல்ல. அவன் ஜன்மத்தில் கேள்விப்பட்டிராத யாரோ ஒருவருடைய மின்னஞ்சல் முகவரிக்கு!

“அப்பா! என் கணக்கை எவனோ அடிச்சுட்டுப் போயிட்டான்!” என்று அலறுகிறான்.

பத்திரிகை படித்துக்கொண்டிருந்த அப்பா துள்ளி எழுகிறார். “எந்த பாங்கிலேடா?”

“பாங்கு இல்லேப்பா. விளையாட்டுக் கணக்கு.”

அப்பாவுக்குப் போன உயிர் திரும்பி வருகிறது. “சே, விளையாட்டுத்தானா! விட்டது சனியன்னு போய்ப் படுத்துத் தூங்கு.”

இது ஒரு கற்பனைக் காட்சிதான். ஆனால் உலகத்தில் எங்கோ ஒரு வீட்டில் இப்படி ஒரு காட்சி நடக்காத இரவு கிடையாது. அந்தப் பையனின் தவிப்பு அப்பாவுக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள வேண்டுமானால், அந்தக் கணக்கு என்பது என்ன என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

விளையாட்டுத்தானா?

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்து பெல்வியூ நகரில் ‘வால்வ்’ என்ற கம்பெனி இருக்கிறது. அந்தக் கம்பெனி 2003-ஆம் ஆண்டு செப்டம்பரில் ‘ஸ்டீம்’ என்ற பெயரில் ஒரு கடையைத் திறந்தது. அதைக் கடை என்று மட்டும் சொன்னால் போதாது. விளையாட்டுகளை விலைக்கு வாங்குவதும் அங்கேதான்; வாங்கியவற்றை வைத்திருப்பதும் அங்கேதான்; நண்பர்களைச் சந்திப்பதும் அங்கேதான். பத்து வருஷம் ஒருவன் அதில் புழங்கினால், அவன் காசு கொடுத்து வாங்கிய அத்தனை விளையாட்டுகளும், தேர்ந்து பெற்ற அத்தனை வெற்றிகளும், முகம் பாராமலே நெருங்கிவிட்ட தோழர்களும் அந்த ஒரே கணக்கிற்குள் அடக்கம்.

போதாக்குறைக்கு, விளையாட்டிற்குள்ளே கிடைக்கும் பொருள்களுக்கும் சந்தை விலை உண்டு. ‘கவுண்டர்-ஸ்டிரைக்’ ஆட்டத்தில் துப்பாக்கிக்குப் பூசும் வண்ணத்தைக் கூட ஆயிரக் கணக்கான ரூபாய் கொடுத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கையால் தொட முடியாத பொருள். ஆனால் விற்றால் பணம்! திருடனுக்கு வேறு என்ன வேண்டும்?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இத்தனையும் காசு கொடுத்து வாங்கியவனுக்குச் சட்டப்படி சொந்தமா என்றால், இல்லை. அவன் வாங்குவது விளையாடுவதற்கான அனுமதி மட்டுமே. கலிபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டம், இப்படிப்பட்ட வியாபாரிகள் “வாங்குங்கள்” என்று விளம்பரம் செய்தால், விற்பது அனுமதிதான் என்பதையும் தெளிவாகச் சொல்லியாக வேண்டும் என்கிறது. கணக்கை விற்கக் கூடாது, பிறருக்கு மாற்றிக் கொடுக்கவும் கூடாது என்பது ஸ்டீமின் நிபந்தனை. ஆகவே கணக்குப் பறிபோனால், பொருளைத் தேடிக்கொண்டு சந்தைக்குப் போக முடியாது. கம்பெனியின் வாசலில் நின்று, “நான்தான் அவன்” என்று நிரூபிப்பது ஒன்றே வழி.

முதல் திருட்டு

கம்ப்யூட்டரில் கடவுச் சொல் புகுந்த கதையும், அது திருட்டுப் போன கதையும் ஏறக்குறைய ஒரே வயதுடையவை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக் கூடத்தில் பலர் ஒரே இயந்திரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு 1961-ல் முதன்முதலாகச் செய்து காட்டப்பட்டது. ஒருவர் வேலையை மற்றவர் பார்க்காமல் இருக்க ஆளுக்கு ஒரு கடவுச் சொல் கொடுத்தார்கள். ஆராய்ச்சி மாணவரான ஆலன் ஷெர் என்பவருக்குத் தமக்கு ஒதுக்கிய நேரம் போதவில்லை. 1962-ல் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, கடவுச் சொற்கள் அடங்கிய ஏட்டை அச்சிட்டுத் தரும்படி துளையிட்ட அட்டை ஒன்றை இயந்திரத்துக்குப் போட்டார். இயந்திரம் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. மறுநாள் அதிகாலையில் அத்தனை பேருடைய கடவுச் சொற்களும் அச்சாகித் தயாராக இருந்தன! பல வருஷங்கள் கழித்து இதை அவரே ஒப்புக்கொண்டார்.

கேட்டவன் யார் என்று இயந்திரம் அன்று பார்க்கவில்லை. சரியான அட்டை வந்ததா என்று மட்டுமே பார்த்தது. அறுபது வருஷங்களுக்கு மேல் ஆகியும் கஷ்டத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. சரியான சொல்லைச் சொல்கிறவன் எவனோ, அவனே வீட்டுக்காரன்!

மாதம் 77,000 வீடுகள்

2015 டிசம்பரில் வால்வ் கம்பெனி ஒரு கணக்கை வெளியிட்டது. மாதத்துக்குச் சுமார் 77,000 ஸ்டீம் கணக்குகள் பறிபோய்க் கொள்ளையடிக்கப்படுகின்றன என்று அதில் கண்டிருந்தது. விளையாட்டுப் பொருள்களைப் பண்டமாற்றுச் செய்துகொள்ளும் வசதி வந்த பிறகு, திருட்டு பற்றிய புகார்கள் இருபது மடங்கு பெருகின என்றும் கம்பெனி சொன்னது.

பறிகொடுத்தவர்கள் எல்லாம் விவரம் அறியாத பாலகர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். ஆட்டத்தையே தொழிலாகக் கொண்ட வீரர்களும், நாள்தோறும் பண்டமாற்றுச் செய்து பழகிய வியாபாரிகளும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள்.

எப்படி ஏமாறுகிறார்கள்? நண்பன் ஒருவனிடமிருந்து சேதி வரும்: “எங்கள் குழுவுக்கு ஒரு ஓட்டுப் போடேன்.” அந்த நண்பன் கணக்கே முந்தின நாள் பறிபோயிருக்கும், எழுதுவது திருடன். சுட்டிய இடத்தை அமுக்கினால் ஸ்டீமின் நுழைவாயில் மாதிரியே ஒரு சின்னஞ்சிறு ஜன்னல் திறக்கும். மேலே முகவரி கூடச் சரியாக இருக்கும். ஆனால் அது ஜன்னல் அல்ல, ஜன்னலின் படம்! நிஜ ஜன்னலானால் திரையில் எங்கே வேண்டுமானாலும் இழுத்து நகர்த்தலாம். படமானால், அது வரைந்திருக்கும் பக்கத்தை விட்டு வெளியே வராது. இந்த ஒரு சோதனையைச் செய்து பார்க்காமல் சொல்லைப் பதித்தவன் கதை முடிந்தது.

இரண்டாவது பூட்டு ஒன்றும் உண்டு. 2011-ல் ஸ்டீம் அதைக் கொண்டுவந்தது. புது இயந்திரத்திலிருந்து நுழைந்தால், மின்னஞ்சலுக்கு வரும் இரகசியக் குறியையும் சொல்ல வேண்டும். பிறகு 2015-ல் அந்தக் குறி செல்போனுக்கே வந்தது. 30 விநாடிக்கு ஒரு தரம் மாறிக்கொண்டே இருக்கும் ஐந்தெழுத்துக் குறி. நல்ல பூட்டுத்தான். ஆனால் போலி ஜன்னல் அந்தக் குறியையும் கேட்கும். கேட்டதைக் கொடுத்துவிட்டால், அந்த 30 விநாடி திருடனுக்குத் தாராளமாகப் போதும்.

எப்போதும் விளையாடுகிறவன் மேலேயே பழி போடுவதும் நியாயமாகாது. 2015 ஜூலையில் ஸ்டீமின் பூட்டிலேயே கோளாறு ஏற்பட்டது. கடவுச் சொல்லை மாற்றுவதற்கு மின்னஞ்சலில் வரும் குறியைக் கேட்க வேண்டிய இடத்தில், ஒன்றும் எழுதாமல் விட்டாலே உள்ளே விட்டுவிட்டது! கோளாறு நடந்ததைக் கம்பெனியே ஒப்புக்கொண்டு சரிசெய்தது.

எது சாட்சி?

கணக்கு போயிற்று. “நான்தான் உடையவன்” என்று கம்பெனிக்கு எழுதுகிறான் பையன். அங்கே உட்கார்ந்து அந்த மனுவைப் படிக்கும் உத்தியோகஸ்தரின் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்போம். இவன் முகத்தை அவர் கண்டதில்லை, குரலைக் கேட்டதில்லை. ஸ்டீமில் தொலைபேசியில் முறையிடும் வழக்கமே கிடையாது. எல்லாம் எழுத்து மூலந்தான். இவன் எழுதுவது போலவே திருடனும் எழுதுகிறான். “ஐயோ, என் கணக்கு போயிற்றே” என்று உருக்கமாக எழுதிப் பிறர் கணக்கைக் கைப்பற்றுவது பழகிப்போன மோசடி. இரக்கப்பட்டு அவர் கதவைத் திறந்தால், உள்ளே போவது யார் என்பது யாருக்குத் தெரியும்?

இதற்கு 2011-ல் ஸோனி கம்பெனி பட்ட பாடு நல்ல பாடம். அந்த வருஷம் ஏப்ரலில் அதன் ‘பிளேஸ்டேஷன்’ விளையாட்டு வலையில் திருடர்கள் புகுந்தார்கள். 7 கோடியே 70 லட்சம் கணக்குகளின் விவரங்கள் அம்பலமாயின. ஏப்ரல் 20-ஆம் தேதி வலையையே இழுத்து மூடினார்கள். மே மாதம் நடுவில்தான் மறுபடியும் திறக்க ஆரம்பித்தார்கள். உள்ளே வருகிற ஒவ்வொருவரும் புதிய கடவுச் சொல் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் வந்தவன் உடையவன்தானா என்று எப்படி அறிவது? பெயர், பிறந்த தேதி எல்லாந்தான் திருடன் கைக்குப் போய்விட்டனவே!

ஸோனி ஒரு யுக்தி செய்தது. எந்தப் பெட்டியில் முதலில் அந்தக் கணக்கைத் திறந்து ஆடினானோ, அதே பெட்டியிலிருந்து மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் முன்பே உறுதி செய்த மின்னஞ்சல் மூலம் மாற்ற வேண்டும் என்று விதித்தது. வீட்டுக் கூடத்தில் தூசி படிந்து கிடந்த பெட்டியே சாட்சியாகிவிட்டது! திருடனிடம் இல்லாத சாட்சி.

அதே ஸோனி இன்னொரு பக்கத்தில் சறுக்கியது. கடவுச் சொல்லை மாற்றுவதற்கென்று இருந்த வலைப் பக்கத்தில் ஓர் ஓட்டை இருந்தது. மின்னஞ்சல் முகவரியும் பிறந்த தேதியும் தெரிந்தால், பிறர் கணக்கிலும் கை வைக்கலாம் என்று சில நாட்களிலேயே வெளியாயிற்று. அவசர அவசரமாக அந்தப் பக்கத்தை மூடித் திருத்தினார்கள். திருடனுக்கும் தெரிந்த ஒன்று சாட்சியாக முடியாது என்பது அன்று விளங்கிற்று.

மனு போடும் முறை

ஸ்டீமும் இந்தத் தத்துவத்தைத்தான் கடைப்பிடிக்கிறது. திருடன் உள்ளே புகுந்ததும் கடவுச் சொல்லை மாற்றுகிறான், மின்னஞ்சலை மாற்றுகிறான், போன் எண்ணையும் மாற்றுகிறான். இன்றைய தேதியில் அந்தக் கணக்கில் இருப்பதெல்லாம் அவனுடையது. ஆனால் கணக்கு பிறந்த நாளில் இருந்ததை அவன் மாற்ற முடியாது. ஆகவே உத்தியோகஸ்தர் கேட்பதெல்லாம் பழங்கதைதான்.

முதன்முதலில் இந்தக் கணக்கோடு சேர்த்திருந்த மின்னஞ்சல் எது? போன் எண் எது? காசு கொடுத்த கார்டின் கடைசி நான்கு எண்கள் என்ன? விளையாட்டைப் பெட்டியாகக் கடையில் வாங்கியிருந்தால், அதற்குள் அச்சிட்டிருந்த சாவி எண் எது? அந்தச் சாவி எண்ணைச் சும்மா எழுதி அனுப்பினால் போதாது. மனுவுக்குக் கொடுத்த எண்ணை, அச்சான சாவி எண்ணின் பக்கத்திலேயே பேனாவால் எழுதி, படம் பிடித்து அனுப்பச் சொல்வது வழக்கம். எண்ணை எவனும் திருடலாம். காகிதத்தை வைத்திருப்பவன் உடையவன் ஒருவனே அல்லவா?

மனுப் போடுவதற்கு முன் செய்ய வேண்டியவை இரண்டு உண்டு. முதலாவது, கம்ப்யூட்டரில் வேவு பார்க்கும் நிரல் ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று சோதித்துத் துப்புரவு செய்ய வேண்டும். இரண்டாவது, மின்னஞ்சலின் கடவுச் சொல்லை மாற்ற வேண்டும். மின்னஞ்சலே திருடன் கையில் இருந்தால், மீட்ட கணக்கு மறுநாளே திரும்பவும் போகும். அதோடு பழைய மின்னஞ்சலைத் துழாவிப் பார்ப்பது நல்லது. முகவரி மாறியபோது ஸ்டீம் அனுப்பிய எச்சரிக்கையும், பழைய ரசீதுகளும் அங்கேதான் கிடக்கும்.

ஒரே மனுவைத்தான் போட வேண்டும். பதில் வரவில்லையே என்று பத்து மனுப் போடுவதாலும், கோபித்து எழுதுவதாலும் காரியம் நடக்காது. கேட்ட சாட்சியைக் கேட்ட மாதிரி அனுப்புவதுதான் கதவைத் திறக்கும்.

இரண்டாவது திருடன்

தவித்து நிற்கும் இந்த நேரத்தில்தான் இன்னொருவன் வந்து சேருகிறான். “நான் ஸ்டீம் உத்தியோகஸ்தன். கவலைப்படாதே, இவ்வளவு பணம் அனுப்பு, ஒரு மணி நேரத்தில் மீட்டுத் தருகிறேன்” என்பான். நெருப்புப் பிடித்த வீட்டில் பிடுங்கியது லாபம் என்று வருகிறவன் இவன். கம்பெனிக்காரர்கள் அரட்டைச் சேதியில் வந்து பேசுவதும் இல்லை. கடவுச் சொல்லைக் கேட்பதும் இல்லை. கணக்கை மீட்டுத் தரக் கட்டணம் வாங்குவதும் இல்லை.

இவனுடைய தம்பி ஒருவனும் உண்டு. “தவறுதலாக உன்மேல் மோசடிப் புகார் கொடுத்துவிட்டேன். இன்ன அதிகாரியிடம் பேசிச் சரிசெய்துகொள்” என்பான். அந்த அதிகாரியும் அவன் கூட்டாளியே. கணக்கோடு கூட கார்டிலிருந்தோ பாங்கிலிருந்தோ பணமும் போயிருந்தால், இந்தியாவில் இருப்பவர்கள் உடனே 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் புகார் செய்ய வேண்டும். அதில் தாமதிக்கும் ஒவ்வொரு மணியும் நஷ்டம்.

மீண்டது எவ்வளவு?

கணக்கு திரும்பி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வாங்கிய விளையாட்டுகள் அப்படியே இருக்கும். அவற்றைத் திருடன் எடுத்துக்கொண்டு போக முடியாது. ஆனால் பண்டமாற்றுக்கு உரிய பொருள்கள்? அவை கை மாறி, கை மாறி, ஒன்றும் அறியாத யாரோ ஒருவர் காசு கொடுத்து வாங்கியிருப்பார். அவரிடமிருந்து பிடுங்கினால் அவர் அழுவார். முன்பு ஒரு காலத்தில் ஸ்டீம் அதே மாதிரி பொருளைப் புதிதாக உண்டாக்கி, பறிகொடுத்தவருக்குக் கொடுத்து வந்தது. ஆனால் ஒன்று இரண்டாகப் பெருகப் பெருக, அருமையான பொருளின் மதிப்பு எல்லோருக்கும் குறைந்தது. அதனால் அந்த வழக்கத்தைக் கைவிட்டுவிட்டார்கள். அதற்குப் பதிலாக, செல்போன் பூட்டுப் போடாதவர்கள் செய்யும் பண்டமாற்றை 15 நாள் வரை நிறுத்தி வைக்கிறார்கள். திருட்டு நடந்தால் அதற்குள் கண்டுபிடித்துவிடலாமே!

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. களவாடிய கணக்கில் திருடன் மோசடி ஆட்டம் ஆடினால், கணக்கின்மேல் ‘வாக்’ தடை விழும். அது நிரந்தரத் தடை. உத்தியோகஸ்தர்களாலும் நீக்க முடியாது. கணக்கில் யார் ஆடினாலும் பொறுப்பு கணக்குக்காரனுடையது என்பது விதி. பொருள் போனதைக்கூடப் பொறுக்கலாம். செய்யாத குற்றத்துக்குப் பெயர் கெடுவதை எப்படிப் பொறுப்பது? அந்தப் பையன் இரவு பத்து மணிக்கு அலறியதில் நியாயம் உண்டு என்று இப்போது ஒப்புக்கொள்ளலாம் அல்லவா?

மீண்ட உடனே, மற்ற எல்லா இயந்திரங்களிலிருந்தும் கணக்கை வெளியேற்ற வேண்டும். வேறெங்கும் புழங்காத புதிய கடவுச் சொல் வைக்க வேண்டும். செல்போன் பூட்டைப் போட வேண்டும். அந்தப் பூட்டைப் போடும்போது, ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் ஒரு மீட்புக் குறியை ஸ்டீம் கொடுக்கும். செல்போனே தொலைந்துபோனாலும் கதவைத் திறக்கும் குறி அது. அதைச் செல்போனிலேயே குறித்து வைப்பது, பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டுவது போலாகும். காகிதத்தில் எழுதித் தனியே வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

பரணில் இருந்த சாட்சி

நம்முடைய கற்பனைப் பையனுக்கு வருவோம். பழைய மின்னஞ்சல் முகவரியை ஒருவாறு நினைவுபடுத்திக்கொண்டான். சாவி எண்ணுக்கு எங்கே போவது? ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் பிறந்தநாளுக்கு அப்பா வாங்கிக் கொடுத்த முதல் விளையாட்டுப் பெட்டி அது. பழைய காகிதக்காரனிடம் என்றைக்கோ போயிருக்கும் என்று தலையில் கையை வைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை அப்பா ஒன்றும் பேசாமல் ஸ்டூலைப் போட்டுப் பரணில் ஏறினார். தகரப் பெட்டி ஒன்றை இறக்கினார். மின்சாரக் கட்டண ரசீது, வரி ரசீது, மிக்ஸி வாங்கிய பில் எல்லாம் கம்பியில் கோத்துக் கிடந்தன. அடியில், பில்லைச் சுற்றி ரப்பர் வளையம் போட்டபடி, அந்த விளையாட்டுப் பெட்டி!

“இதையெல்லாமாப்பா எடுத்து வெச்சிருக்கீங்க?”

“பணம் குடுத்து வாங்கினதுடா. சீட்டை எப்படித் தூக்கிப் போடறது?”

பையன் சாவி எண்ணின் பக்கத்தில் மனுவின் எண்ணைப் பேனாவால் எழுதிப் படம் பிடித்து அனுப்பினான். கணக்கு திரும்பி வந்தது. அப்பா அந்தப் பெட்டியைத் துடைத்து மறுபடியும் பரணில் வைக்கப் போனார்.

“இருங்கப்பா,” என்றான் பையன். ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் மீட்புக் குறியை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, மின்சாரக் கட்டண ரசீதுக்குப் பக்கத்தில் அதே கம்பியில் கோத்துக் கொடுத்தான்.